ரொட்டி அடுப்பில் வெந்த நாற்காலி

சென்னை
16-6-2025

ரூக்ஸாருக்கு,

மதிவதனி எழுதுகிறேன். கவரைப் பார்த்ததும் சிரித்திருப்பாய். சிரி. ஐந்து மாதமாக என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். வேறு நம்பரிலிருந்து கூப்பிட்டால் என் குரல் கேட்டதும் வைத்துவிடுவாய். தபாலை பிளாக் செய்ய முடியாது. அதனால்தான் தாளும் பேனாவும்.

சுற்றி வளைக்க எனக்கு வராது. என் விளையாட்டு நாற்காலியைச் சரி செய்ய வேண்டும். ஜூலை பன்னிரண்டாம் தேதி பெண்கள் வீல்சேர் பாஸ்கெட்பாலுக்கு மாநில அணி எடுக்கிறார்கள். அதற்காகத்தான் என் ஊர் அடி அண்ணாமலையை விட்டு வந்து இந்த ஹாஸ்டலில் தங்கிப் பயிற்சி எடுக்கிறேன். இப்போது ஆடுவது இரவல் நாற்காலியில். என்னைப் போல இரண்டு மடங்கு உடம்பு உள்ள யாருக்கோ அளவெடுத்தது. வேகமாகத் திரும்பினால் அது ஒரு பக்கம் போகிறது, நான் ஒரு பக்கம் போகிறேன்.

என்னுடையதை இங்கே மூன்று பேரிடம் காட்டிவிட்டேன். நாற்காலிக் கம்பெனி ஏஜென்ட், "ஃபிரேமையே மாத்தணும், வெளிநாட்டுலேருந்து வர நாலு மாசம் ஆகும்" என்றார். ஒரு ஒர்க்‌ஷாப்பில் அலுமினியம் என்றதும் கையை விரித்துவிட்டார்கள். இன்னொருவர் இரும்புப் பட்டை போட்டு போல்ட் அடிக்கிறேன் என்றார். "இது போதும்மா, வூட்டுக்குள்ளதானே சுத்தப் போறீங்க?" அதற்குப் பிறகு அங்கே நான் பேசியதை எழுத முடியாது.

சேலத்தில் நான் சொன்னதற்கு மன்னிப்பு கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. ஆட்டத்தின் நடுவில் நாற்காலி இரண்டாகப் போய் நான் முகம் குப்புற விழுந்தேன். தாடை கிழிந்து தையல் போட்டார்கள். அரையிறுதி கையை விட்டுப் போனது. அந்த நேரத்தில் யாரோ போனை நீட்டி என்னாச்சு என்று கேட்டார்கள். "லோக்கல் வெல்டிங், அதான் புட்டுக்குச்சு" என்றேன். வெல்டிங் வைத்தது நீ. உடைந்தது உண்மை. இதில் எது பொய்? அடிபட்டவளை நீ ஒரு வார்த்தை விசாரித்தாயா?

வேறு யாரும் இல்லாததால் எழுதுகிறேன். முடியுமா, முடியாதா என்று மட்டும் சொல்.

மதிவதனி


திருவண்ணாமலை
19-6-2025

மதிக்கு,

தாடை கிழிந்தது எனக்குத் தெரியாது. இதை முதலில் எழுதிவிடுகிறேன், கோபத்தில் மறந்துவிடும். அந்த வீடியோவில் நீ கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாய். அழுகிறாய் என்று நினைத்தேன். இப்போது வலி இல்லையே?

இனி கோபம். அந்த வீடியோவைப் பார்க்காத ஆள் இந்த ஊரில் இல்லை. அதில் என் பேர் இல்லைதான். ஆனால் அலுமினியத்துக்கு டிக் வெல்டிங் வைக்கிறவள் இங்கே நான் ஒருத்திதான் என்பது எல்லோருக்கும் தெரியுமே. செங்கம் ரோட்டில் தங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சைக்கிள் கொண்டுவருவார்கள், நின்றுவிட்டது. ஒரு ஸ்கூல் பி.டி. மாஸ்டர் ஓட்டப் பந்தயத் தடைகளை ஆட்டோவில் ஏற்றி வந்தவர், "அப்புறம் வரேன்மா" என்று இறக்காமலே திருப்பிக்கொண்டு போனார். ஓசூர் கம்பெனியில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் வாங்கிய மெஷின் துணி போர்த்தி மூலையில் கிடக்கிறது. எங்கள் காசிம் அண்ணன், பட்டறையில் தன் கேட், கிரில் வேலைக்கு இடம் போதவில்லை என்கிறார். "நமக்கு இரும்பே ஜாஸ்திம்மா, இது எதுக்கு?" என்று மெஷினை வாங்க வேலூரில் ஆள் பார்த்துவிட்டார். அடுத்த மாதம் முதல் வாரத்தில் வருகிறார்களாம்.

ஆக, உனக்குத் தாடையில் தையல். எனக்கு இது.

நாற்காலியை அனுப்பு. சரி செய்கிறேன் என்று சொல்லவில்லை. உடைந்த இடத்தை என் கண்ணால் பார்க்க வேண்டும். ஐந்து மாதமாக அதை நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கிறது. யாரும் துடைக்கக் கூடாது, தேய்க்கக் கூடாது, எப்படி உடைந்ததோ அப்படியே அனுப்பு.

ரூக்ஸார்


சென்னை
21-6-2025

ரூக்ஸாருக்கு,

இந்தக் கடிதத்தை நாற்காலியின் சீட் பெல்ட்டில் கட்டி பஸ்ஸில் போட்டிருக்கிறேன். சக்கரங்களைக் கழற்றித் தனியாகக் கட்டச் சொன்னேன். யாரும் துடைக்கவில்லை.

மெஷின் விஷயம் எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தை அந்தப் பக்கம் போய் இவ்வளவு செய்யும் என்று நான் நினைக்கவில்லை. இதற்கு மேல் எழுத வரவில்லை.

தாடை வலிக்கவில்லை. குளிருக்குக் கொஞ்சம் இழுக்கும். சென்னையில் ஏது குளிர்?

மதி


திருவண்ணாமலை
25-6-2025

மதி, மதி, மதி!

உட்கார்ந்து படி. நீ எப்போதும் உட்கார்ந்துதான் இருக்கிறாய், தெரியும். அப்படியே கெட்டியாகப் பிடித்துக்கொண்டு படி.

என் வெல்டிங் உடையவில்லை!

இருக்கைக்கு அடியில் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பிடிக்கிற குறுக்குக் குழாயில்தானே விரிசல் இருந்தது? அங்கே நான் போட்ட கோடு மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக அப்படியே இருக்கிறது. உடைந்திருப்பது அதற்கு ஒரு விரல் தள்ளி. புதுக் குழாய் போலப் பளபளக்கும் இடத்தில். "அண்ணே, இங்க வந்து பாருங்க" என்று நான் கத்தியதில் காசிம் அண்ணன் கையிலிருந்த டீயைக் கொட்டிக்கொண்டார்.

ஒரு நிமிஷம் சந்தோஷம். அடுத்த நிமிஷம் ஒரு கேள்வி. வெல்டிங் நன்றாக இருந்தால் பக்கத்தில் ஏன் உடைய வேண்டும்? பெயின்ட்டைச் சுரண்டினேன். அடியில் ஒரு நம்பர் குத்தியிருந்தது. ஏழில் தொடங்கும் நம்பர். ஓசூரில் சைக்கிள் ஃபிரேமுக்கு வரும் அதே ரக அலுமினியம். அதைப் பார்த்ததும் எனக்கு அந்த டிராலி ஞாபகம் வந்தது. நாங்கள் வெல்டிங் முடித்த ஃபிரேம்களை எல்லாம் டிராலியில் அடுக்கிப் பக்கத்து ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய், பெரிய அடுப்பில் வைப்பார்கள். பெயின்ட் காய வைக்கிறார்கள் என்றே நான் இருந்தேன். ஆனால் மதி, பெயின்ட் அடிப்பது அதற்கும் அடுத்த ஷெட்டில்! பெயின்ட்டே அடிக்காத ஃபிரேமை எதற்கு அடுப்பில் வைக்க வேண்டும்?

அங்கே அந்த அடுப்பைப் பார்த்துக்கொண்ட பிர்தௌஸுக்கு உடனே போன் போட்டேன். அவள் சிரித்தாள். "இத்தினி நாள் தெரியாதாடி உனக்கு? வெல்டிங் சூட்டுல பக்கத்துல இருக்கிற அலுமினியம் தளந்து போயிடும். அப்படியே விட்டா தானா இறுகும், ஆனா ஒரு மாசத்துக்கு மேல ஆவும். அடுப்புல அளவா சூடு காட்டுனா சீக்கிரம் இறுகிடும்."

ஒரு மாசம்! நான் வெல்டிங் வைத்த மறுநாள் நீ சேலத்துக்குப் பஸ் ஏறினாய். நான் நின்று டாட்டா காட்டினேன். இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

செய்யலாம் மதி. அந்தக் குழாயை வெட்டி எடுத்துவிட்டு, அதே ரகத்தில் புதுக் குழாய் வைக்கலாம். ஓசூரிலிருந்து ஒரு துண்டு அனுப்புகிறேன் என்று பிர்தௌஸ் சொல்லிவிட்டாள். ஆனால் ஒரு முழு நாளுக்கு மேல் அளவு மாறாமல் சூடு நிற்கிற அடுப்பு வேண்டும். நாற்காலி உள்ளே போகிற அளவு வேண்டும். நம் ஊரில் அப்படிப்பட்டது எங்கே இருக்கிறது?

இருக்கிறது. என் சித்தப்பா, ஹபீப் சாச்சாவின் பேக்கரியில்.

பிளாக்கை எடுத்துவிட்டேன். ஆனாலும் பதிலை எழுது. அவசரப்படாமல் யோசித்து எழுது.

ரூக்கு


சென்னை
28-6-2025

ரூக்கு,

பிளாக்கை எடுத்தது தெரிந்தது. உன் போட்டோ மறுபடி தெரிகிறது, பாதுகாப்புக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு நிற்கிறாய். கூப்பிடப் போய் நிறுத்திக்கொண்டேன். போனில் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம். காகிதத்தில் என்னை யாரும் குறுக்கே வெட்ட முடியாது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சந்தோஷப்பட்டேன். இரண்டாம் தடவை பயந்தேன். மூன்றாம் தடவை கோபம் வந்தது. பேக்கரி அடுப்பா? பன்னும் ரஸ்க்கும் வேகிற இடத்தில் என் நாற்காலியா? அது வளைந்து போனால்? இப்போதாவது உடைந்த நாற்காலி என்று ஒன்று இருக்கிறது. அப்புறம் அதுவும் இருக்காது.

உனக்குப் புரிய வேண்டும் என்று ஒன்று எழுதுகிறேன். லாரி மோதிய பிறகு நான் இரண்டு விதமான நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறேன். தினசரி நாற்காலியில் போகும்போது ஜனங்கள் என் காலைப் பார்க்கிறார்கள். இதில் உட்கார்ந்தால் என் கையில் இருக்கும் பந்தைப் பார்க்கிறார்கள். என்னை நோக்கி ஒருத்தி வேகமாக வந்து மோதுகிறாள் என்றால், அவள் எனக்கு இரக்கப்படவில்லை என்று அர்த்தம். அந்த மோதல் எனக்கு வேண்டும்.

இங்கே தர்மபுரிக்காரி ஒருத்தி இருக்கிறாள், அமுதவல்லி. நான் ஆடும் இடத்துக்குத்தான் அவளும் போட்டி. புயல் மாதிரி வருகிறாள். இரவல் நாற்காலியில் அவளை என்னால் ஒரு தடவைகூட மறிக்க முடியவில்லை. நேற்று கோச், "மதி, இப்படியே போனா கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டார்.

முதலில் வேறு துண்டில் செய்து பார். அது நின்றால் நாற்காலியில் கை வை. நிற்காவிட்டால் அப்படியே திருப்பி அனுப்பிவிடு, நான் திட்ட மாட்டேன்.

திட்டுவேன். ஆனாலும் செய்.

மதி


திருவண்ணாமலை
5-7-2025

அன்புள்ள மதி,

செய்து பார்த்துவிட்டேன்! கேள்.

பிர்தௌஸ் அனுப்பிய குழாயில் மிச்சம் வருவதை வெட்டி நான்கு துண்டாக்கி, இரண்டிரண்டாக ஒட்டினேன். இரும்பு என்றால் சூடானதும் சிவக்கும், எச்சரிக்கும். அலுமினியம் முகத்தில் எதையும் காட்டாது. அப்படியே இருக்கும், திடீரென்று ஓட்டை விழுந்து கீழே ஒழுகிவிடும். மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் வேறு. அதைத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடைத்து, ஆர்கான் காஸைத் திறந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பொறி வைத்தேன். அலுமினியம் உருகிக் கண்ணாடித் துளி போல் நின்றது. ஐந்து மாதத்துக்குப் பிறகு அந்தத் துளியைப் பார்க்கிறேன் மதி. கம்பியைத் தொட்டுத் தொட்டு அதை நகர்த்திக்கொண்டே போனேன். முடித்துத் தலையைத் தூக்கினால் காசிம் அண்ணன் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்.

ஒன்றை அப்படியே வைத்தேன். இன்னொன்றைத் துணிப்பையில் போட்டு சாச்சாவிடம் கொண்டு போனேன். "சாச்சா, இதை வேக வைக்கணும்." அவர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "உங்கம்மாவுக்கு இந்த விஷயம் தெரியுமா?" என்று கேட்டார். விவரமாகச் சொன்னேன். அவர் யோசித்தது அலுமினியத்தைப் பற்றி அல்ல, சூட்டைப் பற்றி. "என் அடுப்புல இருக்கிற முள்ளை நம்பாதம்மா, அது பொய் சொல்லும். இடது மூலையில சூடு ஜாஸ்தி, வாசல் பக்கம் கம்மி. பன் கருகுறதை வச்சு நான் கண்டுபிடிச்சது." ஓசூரிலிருந்து குழாயோடு பிர்தௌஸ் அனுப்பிய தெர்மாமீட்டரை உள்ளே தொங்கவிட்டுப் பார்த்தோம். அவர் சொன்னது அப்படியே சரி. முதலில் மெல்லிய சூடு, அப்புறம் பன் வேகும் சூட்டைவிடக் கொஞ்சம் கம்மியாக, மறுநாள் வரை.

நேற்று இரண்டையும் லாரி ஜாக்கியில் மாட்டினோம். பம்ப் அடித்தது காசிம் அண்ணன். அடுப்பில் வைக்காதது கொஞ்ச நேரத்தில் கோட்டுக்கு ஒரு விரல் தள்ளி மடங்கியது, சேலத்தில் போன அதே இடம். அடுத்தது அடுப்பில் வைத்தது. அண்ணன் அடிக்கிறார், அடிக்கிறார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். முதல் துண்டு மடங்கிய அளவு தாண்டியது. நிற்கிறது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு முழு உடம்பையும் போட்டார். கடைசியில் போனது என்ன தெரியுமா? துண்டைப் பிடித்திருந்த இரும்புக் கொக்கி! அது பறந்து போய்த் தகரக் கதவில் அடித்த சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது.

அண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து வேலூர்க்காரரைக் கூப்பிட்டார். "இப்போதைக்கு வேணாங்க. மெஷினுக்கு வேலை வந்துடுச்சு."

இன்று காலை உன் நாற்காலிக்குப் புதுக் குழாயை வைத்துவிட்டேன். மூன்று நாள் கை படாமல் கிடக்கட்டும், அப்புறம் அடுப்பு. ஒரே ஒரு சிக்கல். பத்தாம் தேதி பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்கு சாச்சா மலை மலையாக பன் போட வேண்டும். அடுப்பில் இரண்டு தட்டு, இரண்டுக்கும் தனித்தனிச் சூடு. கீழ்த் தட்டை எனக்கு விடுகிறேன் என்கிறார், ஆனால் பத்தாம் தேதி காலை வரைக்கும்தான்.

ரூக்கு


திருவண்ணாமலை, தற்காலிகப் பஸ் ஸ்டாண்டு
10-7-2025

மதி,

உன் நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்து எழுதுகிறேன். பஸ் கிளம்ப இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது. கையெழுத்து கோணலாக இருந்தால் கை நடுக்கம் என்று நினைக்காதே, கொப்புளம்.

காலையில் அடுப்பைத் திறந்தோம். ஃபிரேம் நேராக இருக்கிறது, ஒரு மயிரிழைகூட வளையவில்லை. ஆறியதும் சக்கரத்தை மாட்டி வெளியே வந்தால், ஊருக்குள் ஒரு வண்டியும் விடவில்லை. ஆட்டோ இல்லை, அண்ணன் பைக்கும் போகாது. சென்னை பஸ் எல்லாம் ஊருக்கு வெளியே. நாளையும் கூட்டம் குறையாது, இன்று விட்டால் சனிக்கிழமைத் தேர்வுக்குள் உன் கைக்கு வராது. தள்ளிக்கொண்டே போகலாம் என்று பார்த்தால் இதற்குப் பின்னால் கைப்பிடியே கிடையாது! குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. சரி, எப்படியும் ஆள் பாரத்தை வைத்துப் பார்க்க வேண்டும்தானே என்று உட்கார்ந்துவிட்டேன்.

இது என்ன வண்டியடி! தொட்டால் திரும்புகிறது. முதலில் ஒரு பூக்கடையில் போய் முட்டினேன். அப்புறம் பிடிபட்டது. எதிரே அலை அலையாக ஜனம். "வழி வுடுங்க, வழி வுடுங்க" என்று யார் யாரோ எனக்காகக் கத்தினார்கள். ஒரு பெரியவர் கேட்காமலே அன்னதானப் பொட்டலத்தை மடியில் வைத்துவிட்டுப் போனார். நீ ஏன் எரிந்து விழுவாய் என்று அப்போது கொஞ்சம் புரிந்தது.

பஸ் ஸ்டாண்டு வந்ததும் கண்டக்டரைத் தேடி எழுந்து நடந்தேன். பின்னால் ஒரு அலறல். மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். "அண்ணாமலையாரே! இந்தப் பொண்ணு எழுந்து நடக்குதே!" கூட்டம் கூடிவிட்டது. "அம்மா, எனக்கு ஒண்ணுமே இல்லம்மா. நான் வெல்டருங்க. வண்டியை டெஸ்ட் பண்ணிட்டு வரேன்" என்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கும்பிட்டேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சிரித்த சிரிப்பில் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. அவர் பேர் ஜோதியம்மாள், ஊர் போளூர். நீ ஜெயிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறாராம்.

கண்டக்டர் ஹார்ன் அடிக்கச் சொல்லிவிட்டார். ஒன்று மட்டும். பயந்து பயந்து ஆடாதே. மோது.

ரூக்கு


சென்னை
13-7-2025

என் ரூக்கு,

நேற்று ராத்திரி நான் போனில் அழுததில் உனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஒழுங்காக எழுதுகிறேன்.

நாற்காலி வந்ததும் பிரித்து உட்கார்ந்தேன். என் உடம்பு எனக்குத் திரும்பி வந்தது போல இருந்தது. முதல் ஆட்டத்திலேயே அமுதவல்லி நேராக என் மேல் வந்தாள். விலகியிருக்கலாம். விலகவில்லை. மோதிய சத்தம் கூரையில் எதிரொலித்தது. நாற்காலி ஒரு சக்கரத்தில் தூக்கி நின்று, படாரென்று தரையில் இறங்கியது. நான் மூச்சை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டேன். ஒரு முனகல் இல்லை ரூக்கு. பந்து என் கையில் இருந்தது. திரும்பிப் போட்டேன், விழுந்தது. அதற்குப் பிறகு நான் ஆடியதை நான் சொல்லக் கூடாது, மற்றவர்கள் சொல்ல வேண்டும்.

ஆனால் மூன்றாவது ஆட்டத்தில் இன்னொரு மோதல். இந்தத் தடவை அமுதவல்லியின் நாற்காலி போய்விட்டது. முன் சக்கரம் மாட்டியிருக்கும் இடம் பிளந்துவிட்டது. அவளுக்கு இன்னும் ஒரு ஆட்டம் இருந்தது. எனக்கு முடிந்துவிட்டது. வேறு நாற்காலி எதுவும் அவள் உடம்புக்குச் சேரவில்லை. அவள் யாரையும் கேட்கவில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அளவு உடம்பு.

நான் நல்லவள் இல்லை, உனக்குத் தெரியும். மனசுக்குள் கணக்குப் போட்டேன். அவள் ஆடாவிட்டால் இடம் எனக்கு. பேசாமல் இருந்தால் போதும். ஆனால் சேலத்தில் தரையில் கிடந்தபோது என் கண்ணுக்குத் தெரிந்ததும் ஒரு சுவர்தான். "ஏய் அமுதா, இதுல உக்காரு" என்றேன். அவள் நம்பவில்லை. "நெஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டாள். உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டதும் மூக்கை உறிஞ்சி, "என்னக்கா இது, பட்டர் பிஸ்கட் வாசனை அடிக்குது?" என்றாள். அவ்வளவு பதற்றத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

என் நாற்காலியில் அவள் பிரமாதமாக ஆடினாள். நான் ஓரத்தில் இருந்து வயிறு எரிய எரியக் கை தட்டினேன். சாயந்திரம் கோச் பேர்களைப் படித்தார். அமுதவல்லி பேர் முதலிலேயே வந்தது. நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். கடைசிக்கு முந்தின பேர் என்னுடையது. "ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல உள்ள எறக்கப் போறேன். மத்த ஸ்டேட்காரங்க தாங்கட்டும்" என்றார் கோச்.

இதற்கு மேல்தான் விஷயம். அவர் என் நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு உன் வெல்டிங் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். யார் செய்தது என்று கேட்டார். சொன்னேன். ஆகஸ்டில் நாக்பூரில் தேசியப் போட்டி. அணியோடு நாற்காலிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போக வேண்டும், இதுவரை யாரும் கிடைக்கவில்லையாம். "அவங்க வருவாங்களா, கேட்டுச் சொல்லு" என்றார்.

கேட்கிறேன். வருவாயா?

மதி


திருவண்ணாமலை
17-7-2025

அன்புள்ள மதி,

உன் கடிதத்தை வீட்டில் உரக்கப் படித்தேன். மோதல் வரும் இடத்தில் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். நாக்பூர் வந்ததும் எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மா முதலில் முடியாது என்றார். "அவ்ளோ தூரம் பொம்பளைப் புள்ள தனியா போயி என்ன பண்ணும்?" நான் தனியாக இல்லை, பன்னிரண்டு பேரோடு போகிறேன் என்றேன். "அவங்களை எல்லாம் யாரு பாத்துப்பாங்க?" என்றார். "அவங்க என்னைப் பாத்துப்பாங்கம்மா" என்றேன். அம்மா எழுந்து போய் பரணிலிருந்து பெரிய பையை இறக்கி, உதறி, வெயிலில் போட்டார். எங்கள் வீட்டில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

காஸ் சிலிண்டரை ரயிலில் ஏற்ற விட மாட்டார்கள். அங்கே வாடகைக்கு எடுக்க அண்ணன் ஏற்பாடு செய்கிறார். மெஷினுக்கு அவரே மரப்பெட்டி அடிக்கிறார். அமுதவல்லியின் நாற்காலி நேற்று வந்து இறங்கியது, விரிசலைப் பார்த்துவிட்டேன், ஆகும் என்று அவளிடம் சொல். மற்ற பதினொன்றையும் கிளம்புவதற்கு முன்பே கவிழ்த்துப் போட்டு ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். எப்போது வரலாம் என்று கோச்சைக் கேட்டுச் சொல். நான் ஒரு நாளும் தமிழ்நாட்டைத் தாண்டியதில்லை மதி. ராத்திரி படுத்தால் ரயில் சத்தம் கேட்கிறது.

பையில் துணி வைத்தால் வெல்டிங் ஹெல்மெட் வைக்க இடமில்லை, ஹெல்மெட் வைத்தால் துணிக்கு இடமில்லை. அதனால் சென்ட்ரலுக்கு அதை மாட்டிக்கொண்டே வருகிறேன். நீ தேட வேண்டியிருக்காது.

உன் ரூக்கு